தோலுக்குப் பேச்சுப் போன கதை

அந்தக் காலத்தில் மரத்துக்கு வாய் இருந்தது, மாட்டுக்கு வாய் இருந்தது, மனுஷனுடைய தோலுக்கும் வாய் இருந்தது. இப்போது போல எதைக் கேட்டாலும் உம்மென்று கிடக்கிற தோல் இல்லை அது. முள் குத்தினால், "வலது குதிகாலில் கருவேல முள், ஆழமாப் போயிருக்கு, உக்காந்து எடு" என்று உடனே சொல்லிவிடும். மனுஷனும், "சரி சரி, கத்தாதே" என்று எடுத்துப்போட்டுவிட்டு நடப்பான்.

இந்தக் கதையைச் சொன்னால் சேராங்கொட்டை காய்க்கிற சேரா மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். வாங்குகிறேன்தான், அதற்கென்ன இப்போது? மலையடிவாரத்து ஆட்கள் அந்த மரத்தைக் கண்டால் காறித் துப்பிவிட்டுத் தள்ளிப் போகிறார்கள். அதன் கொட்டையில் கறுப்பாக ஒரு எண்ணெய் இருக்கும். துணியில் ஒரு புள்ளி வைத்தால் துணி கிழிந்தாலும் புள்ளி போகாது. ஒட்டினால் விடாது, அது ஒன்றுதான் அந்த மரத்தின் குணம். மிச்சத்தை யார் செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் துப்புங்கள், நான் தடுக்கவில்லை.

மலையடிவாரத்தில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். விறகு பொறுக்கி விற்றுப் பிழைப்பவள். நல்ல உழைப்பாளி, நல்ல வாயாடி. வேலை செய்கிற நேரமெல்லாம் தன் தோலோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய இடது முன்னங்கையில், தோலுக்குள்ளே, ஒரு ஊர் இருந்தது. அங்கே சுவர்க்காரர்கள் என்று ஒரு சனம். ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு, வரிசைமேல் வரிசையாக நின்று, அவர்களே சுவராக இருப்பார்கள். அடி வரிசையில் பிறந்து, மெல்ல மெல்ல மேல் வரிசைக்கு ஏறி, உச்சிக்கு வந்ததும் உலர்ந்து உதிர்ந்துபோவார்கள். அதுதான் அவர்களுக்கு நல்ல சாவு. வயசாகி உதிர்ந்தவர்களுக்காக அங்கே யாரும் அழுவதில்லை.

சுவர்க்காரர்களுக்கு நடுவே காவல்காரிகள் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் மரக்கிளை மாதிரி ஏகப்பட்ட கைகள். அவற்றைச் சந்துபொந்தெல்லாம் நீட்டிவைத்துக்கொண்டு, வெளியிலிருந்து எது வந்தாலும் தடவிப் பார்ப்பார்கள். அந்த ஊரின் காவல்காரி ஆவுடை. பேராச்சி கேட்டால் தோலுக்காகப் பதில் சொல்கிறவளும் அவள்தான். அவளுக்குப் பக்கத்து வீடு செண்பகவடிவு. சுவர்க்காரி, இன்னும் நடு வரிசையைக்கூட எட்டாத சின்ன வயசு. ஆவுடையின் கைகள் செண்பகத்தின் தோளை ஒட்டித்தான் நீண்டு கிடக்கும். "ஏட்டி, ஒன் கையில ஒண்ணாவது சும்மா இருக்காதா, கூசுது" என்று செண்பகம் சிணுங்குவாள். இரண்டு பேரும் அப்படிச் சேக்காளிகள்.

காவல்காரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவள் யாரோடும் சண்டை போடக் கூடாது. வந்தவனுடைய முகத்தை அச்சு எடுத்துக்கொண்டு, நடந்தே அக்குளுக்குப் போக வேண்டும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்கிறோமே, அந்த இடத்துக்கு நெறியூர் என்று பேர். வீரர்கள் அங்கேதான் காத்துக்கிடப்பார்கள்.

அந்த வீரர்களின் விதியைக் கேளுங்கள். ஒவ்வொருத்தனும் கண்ணுக்குள் ஒரே ஒரு முகத்தோடு பிறப்பான். ஒருத்தனுக்குச் சீழ்க்கிருமியின் முகம், இன்னொருத்தனுக்குக் குளத்துப் புழுவின் முகம், வேறொருத்தனுக்கு உலகத்தில் யாருமே பார்த்திராத முகம். தன் முகம் வந்தால் எழுந்திருப்பான். வராவிட்டால் காத்துக் காத்தே செத்துப்போவான். முக்கால்வாசிப் பேருக்கு வருவதே இல்லை. அதனால் நெறியூரில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. ஒருத்தன் நகத்தைக் கடிப்பான், ஒருத்தன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பான், ஒருத்தன் உறக்கத்தில், "வந்துட்டானா?" என்று எழுந்து உட்காருவான்.

நெறியூருக்கு நாட்டாமை நல்லபெருமாள். காவல்காரி ஒரு முகத்தைக் கொண்டுவந்து காட்டியதும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"சுவர் அலறிச்சா?"

சுவர் அலறினால் வந்தவன் எதிரி. வீரனை எழுப்பலாம். அலறவில்லை என்றால் ஏதோ ஒன்று சும்மா ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த முகத்துக்கு உரிய வீரனிடம், "இது நமக்கு ஆகாதது இல்லே, படுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். சொன்னால் சொன்னதுதான். அவன் பிறகு அந்த முகத்துக்காக எழுந்திருக்கவே மாட்டான். ஆள் உயிரோடு இருப்பான், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் தளவாய் என்று ஒருத்தன். பேர் மட்டும்தான் பெரிய பேர். அவனோடு பிறந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுக்கும் வயசு முடிகிற காலம். அவன் கண்ணிலிருந்த முகமோ வினோதமானது. நம் சுவர்க்காரி மாதிரி ஒரு பெண்முகம், ஆனால் கன்னத்தில் கறுப்பாக ஒரு கறை. "இப்படி ஒரு முகம் ஊருலகத்துல உண்டாலே? ஒன்னைப் படைச்சவனுக்கு அன்னைக்குக் கண்ணு மங்கல் போல" என்று மற்றவர்கள் அவனைக் கேலி செய்து கேலி செய்தே ஓய்ந்துபோனார்கள். ஆவுடை எப்போது நெறியூருக்குப் போனாலும் அவன்தான் முதலில் வாசலில் நிற்பான்.

"அக்கா, எனக்கு யாராச்சும்?"

"இல்லைலே தம்பி."

"சரி, பரவாயில்லை. அடுத்த தடவை பாப்போம்."

அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டுக் கேட்டு ஆவுடைக்கு நெஞ்சு அறுந்தது. அவளுக்கு அவன்மேல் பிரியம் என்று சொல்ல முடியாது, பாவம் என்றிருந்தது. பாவம் பார்ப்பது சில சமயம் பிரியத்தைவிடப் பெரிய கேடு.

ஒரு நாள் பேராச்சி விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு, சேரா மரத்தில் இடது கையை ஊன்றி நின்றாள். மேலே பழுத்த கொட்டை ஒன்று நசுங்கி, எண்ணெய் ஒரு சொட்டு அவள் கையில் விழுந்தது.

"தாயி, என் எண்ணெய் பட்டுட்டு. ஒட்டினா விடாது, கழுவிரு" என்றது மரம்.

"சரிதான் போ, ஒரு சொட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா" என்று முந்தானையில் துடைத்துவிட்டு அவள் நடந்தாள்.

அந்த எண்ணெயோ பொடிசிலும் பொடிசு. காவல்காரியின் கைக்குக்கூடத் தட்டுப்படாத அளவு பொடிசு. தனியாக அதற்கு ஒரு முகமே கிடையாது. சுவர்ச் சந்து வழியே இறங்கிவந்து செண்பகத்தின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டின இடத்தில் கறுப்பாக ஒரு கறை.

"ஸ்ஸ்" என்றாள் செண்பகம்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லை. லேசாக் காந்துது. நீ ஒன் சோலியைப் பாரு."

ஆவுடை திரும்பிப் பார்த்தாள். கறை படிந்த அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தளவாய் வாய் ஓயாமல் வர்ணித்த முகம் அச்சாக அதுதான். கறை மட்டும்தான் அந்நியம், முகம் சேக்காளியுடையது. ஆனால் அச்சு என்று எடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தானே எடுக்க முடியும்? புதிதாக எதைக் கண்டாலும் கொண்டுபோக வேண்டியது அவள் வேலை. எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

நெறியூர் வாசலில் வழக்கம்போலத் தளவாய். அச்சைப் பார்த்தான். கிட்டே வந்து இன்னொரு தடவை பார்த்தான்.

"அக்கா... இது... இது என்னோடது."

கூட்டம் மொத்தமும் எழுந்து வந்து பார்த்தது. நல்லபெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஆவுடை, சுவர் அலறிச்சா?"

அலறவில்லை. ஒரு 'ஸ்ஸ்', அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தளவாயைப் படுக்கச் சொல்லிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கக் காத்துக்கிடந்தவனுக்கு வந்த ஒரே ஒரு முகம், வந்த அன்றைக்கே இல்லையென்று ஆகிவிடும். ஆவுடை அவனைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முகம் வந்ததென்று எழுந்துபோவான், அங்கே எதிரி என்று யாரும் இருக்கப்போவதில்லை, சும்மா திரும்பி வருவான், ஆசை தீர்ந்துபோகும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

"அலறிச்சு அண்ணாச்சி" என்றாள்.

அவ்வளவுதான். நெறியூரில் கொம்பு ஊதினார்கள். வீரன் எழுந்தால் தனியாள் இல்லை. தளவாய் ஒருத்தன் இரண்டானான், இரண்டு நாலானது, நாலு எட்டானது. அத்தனை பேருக்கும் அதே கண், கண்ணில் அதே முகம். நெறியூரே புடைத்துக்கொண்டது. வெளியே பேராச்சி அக்குளைத் தடவி, "என்னட்டி இது, நெறி கட்டியிருக்கு?" என்று கேட்டாள். ஆவுடை, "நடந்த அலுப்பா இருக்கும் தாயி" என்றாள். முதல் பொய்க்குப் பிறந்த இரண்டாம் பொய் அது.

நெறியூரில் கோமதி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் அவள் கூட்டத்தாரும் அமர்த்துகிறவர்கள். எந்தச் சண்டையிலும் "போதும்" என்று சொல்வதுதான் அவர்கள் தொழில். அவர்கள் சொன்னால் எப்பேர்ப்பட்ட வீரனும் நீட்டின கையை மடக்கிக்கொள்வான்.

"நாங்களும் முன்னாலே வாரோம்" என்றாள் கோமதி.

தளவாய்க்கு வந்ததே கோபம். "ஒருத்தரை இன்னும் தொடல, அதுக்குள்ள போதும்னு சொல்லவா வாரே? எங்க காலமெல்லாம் காத்துக் கெடந்தோம். நீ கடைசியில வா." மற்றவர்களும் ஓவென்று சிரித்தார்கள். நாட்டாமையும் தலையாட்டிவிட்டார். அமர்த்துகிறவர்கள் வரிசையின் வாலுக்குப் போனார்கள்.

இத்தனை பேர் உருவாகி, வரிசை கட்டி, ரத்த ஆற்றில் இறங்கிக் கைக்கு வந்து சேர்வதற்குள் பேராச்சி பல தடவை குளித்துவிட்டாள். கறை படிந்த மேல்பூச்சு உரிந்துபோய், செண்பகத்தின் முகம் பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் வீடு வீடாகத் தேடினார்கள். அந்த முகம் எங்கேயும் இல்லை. ஆவுடை நினைத்தபடியே ஆனது. ஆசை தீரும் என்று நினைத்தாளே, அது மட்டும் தீரவில்லை.

பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மிச்சப் பேர், தளவாயோடு சேர்ந்து, அந்தக் கையிலேயே குடியேறிவிட்டார்கள். போவதற்கு முன்னால் எல்லாரும் ஒன்றுகூடி ஒரு சத்தியம் செய்தார்கள். அந்த முகத்தை மறக்க மாட்டோம். இனி வந்தால் சுவர் அலறியதா என்று யாரையும் கேட்க மாட்டோம். கண்ட இடத்தில் கூப்பிடுவோம், கூடுவோம், முடிப்போம்.

ஆவுடை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து, "ஏலே, அது பொய்" என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவமானத்துக்குப் பயந்து சொல்லவில்லை. எரிச்சலாக வருகிறது எனக்கு, இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம்.

பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்களே இல்லை. குடியேறினவர்கள் தெருவில் எந்நேரமும் நடமாடிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தார்கள். சுவர்க்காரர்கள் கையை இறுக்கிக் கோத்துக்கொண்டார்கள். செண்பகம் ஒருத்திதான் பயப்படவில்லை.

"ஏன் தம்பி இப்படி ராவும் பகலும் அலையுதே? கஞ்சி குடிச்சிட்டு அலை" என்று தளவாயைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கறை இல்லாத அவள் முகம் தளவாய்க்கு வெறும் முகம்தான். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே கஞ்சியைக் குடித்தான். அப்புறம் தினமும் வந்தான். அவள் கேலி பேசுவாள், அவன் சிரிப்பான். அதுவரை அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "நீ தேடுறவ எப்படி இருப்பா, சொல்லேன்" என்று ஒரு நாள் கேட்டாள். "மோசமானவ மதினி. பாத்தா விட மாட்டேன்" என்றான். பக்கத்து வீட்டில் ஆவுடை அதைக் கேட்டுத் தன் கைகளையெல்லாம் சுருட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து பேராச்சி மறுபடி மலையேறினாள். இந்தத் தடவை சேரா மரத்தின் கொம்பு ஒன்று காற்றில் ஒடிந்து கிடந்தது. அதையும் சேர்த்துக் கட்டி, இடது கையில் அணைத்துத் தூக்கினாள்.

"ஏ பேராச்சி, அது என் கொம்பு, எண்ணெய் வடியுது, வேண்டாம்" என்று மரம் பதறியது.

"போன தடவை பட்டப்போ என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலியே. பேசாம இரு" என்றாள் பேராச்சி.

எண்ணெய் இறங்கியது. இந்தத் தடவை சொட்டு இல்லை, வழிந்து இறங்கியது. செண்பகத்தின் கன்னத்திலும், நெற்றியிலும், அவளுக்கு அக்கம்பக்கத்தில் நின்ற பெண்கள் மேலும் ஒட்டியது. ஆவுடை தன் எல்லாக் கைகளாலும் துடைத்தாள். போகவில்லை.

"என்னட்டி இப்படித் தேய்க்கே, தோலு உரியுது!"

"செண்பகம், குனிஞ்சுக்கோ. யாரு வந்தாலும் நிமிராதே. முகத்தைக் காட்டாதே, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன்?"

"சொல்லுறதுக்கு நேரமில்லை."

நேரமில்லைதான். தெருமுனையில் நின்ற ஒருத்தன் பார்த்துவிட்டான். ஒரு கூவல். அதைக் கேட்டு இன்னொருத்தன் கூவினான். ரத்த ஆறு வழியாகக் கூப்பாடு நெறியூர்வரை போனது. ஆனால் பரந்து கிடக்கிற உடம்பில் எங்கெங்கோ சுற்றுகிறவர்கள் எல்லாரும் திரண்டு வர வேண்டுமே. எவ்வளவு அவசரப்பட்டாலும் ஒரு பகல் ஒரு இரவு ஆகிவிடும். அந்த ஒரு நாள்தான் ஆவுடைக்குக் கிடைத்த அவகாசம்.

ஓடினாள். நெறியூருக்கு ஓடி, நல்லபெருமாள் காலில் விழுந்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சுவர் அலறலை. நான் சொன்னது பொய். அந்த முகம் செண்பகத்தோட முகம். கறைதான் வெளியாளு. கொம்பை ஊதித் திருப்பிக் கூப்பிடுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், "பாவி மகளே" என்றார். "அதை அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒருத்தனைப் படுக்கவெச்சிருப்பேன். இன்னைக்கு எத்தனை பேரைப் படுக்கவைக்க? என்னைக் கேக்காமலே கெளம்பத்தானே சத்தியம் பண்ணியிருக்கானுவ. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்க வந்திருக்கே. போ, கோமதியைக் கூட்டிட்டு ஓடு. அவ ஒருத்தி சொன்னாத்தான் கேப்பானுவ."

கோமதி வரிசையின் வாலில் இருந்தாள். முன்னே போகிற கூட்டமோ ஆற்றை அடைத்துக்கொண்டு போனது. ஆவுடை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தள்ளியும் முட்டியும், "வழி விடுங்க, வழி விடுங்கலே" என்று கத்திக்கொண்டு வந்தாள். யாரும் விடவில்லை. எல்லாருக்கும் அந்த முகத்தைப் பார்க்கிற அவசரம்.

கையிலிருந்த ஊரில் அதற்குள் அமளி தொடங்கியிருந்தது. தளவாயின் ஆட்கள் கூவின கூவலுக்கு தெருவோரம் பொடிமூட்டையோடு குந்தியிருக்கிற மூட்டைக்காரர்கள் தங்கள் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். மூட்டையிலிருந்த பொடி பட்ட இடமெல்லாம் ஊரல் எடுத்தது. ஆற்றங்கரைகள் இளகி, தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. தண்ணீரோடு, யாரும் கூப்பிடாத முரட்டுக் கூட்டம் ஒன்று வந்து, முன்பின் விசாரிக்காமல் கண்டதைக் கொளுத்தியது. ஊர் சிவந்தது, வீங்கியது. வீடுகளுக்குக் கீழே தண்ணீர் கோத்துக்கொண்டு சுவர் மேலே தூக்கிக்கொண்டது. வெளியே பேராச்சியின் கையில் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது.

"ஏட்டி ஆவுடை! என்னட்டி நடக்குது அங்கே? கை இப்படி எரியுதே!"

பதில் சொல்ல ஆவுடை ஊரில் இல்லை. பேராச்சிக்குப் பொறுக்கவில்லை, பத்து நகத்தாலும் சொறிந்தாள். நகம் பட்ட இடத்தில் சுவர்க்காரர்கள் கிழிந்து அலறினார்கள். இப்போது அலறல் நிஜ அலறல். அதைக் கேட்டு இன்னும் கூட்டம் வந்தது.

தளவாய் செண்பகத்தின் வாசலுக்கு வந்தான். அவள் ஆவுடை சொன்னபடி குனிந்துதான் இருந்தாள். தெரிந்த காலடியைக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டாள்.

"வந்துட்டியா தம்பி! பயந்தே போனேன். இவனுவளைக் கொஞ்சம் என்னன்னு கேளு."

அவன் அப்படியே நின்றான். நெற்றியிலும் கன்னத்திலும் கறை. வாழ்நாளெல்லாம் கண்ணுக்குள் வைத்துக் காத்திருந்த முகம்.

"குரலு தெரிஞ்ச குரலா இருக்கே" என்றான்.

"நான்தாம்லே. ஒன் மதினி. கஞ்சி ஊத்தினவ."

அவன் தலையை உலுக்கிக்கொண்டான். கண்ணைக் கசக்கினான். குரலைக் கேட்டால் ஒருத்தி, பார்த்தால் இன்னொருத்தி. பிறந்ததிலிருந்து அவன் காதை நம்பி வாழவில்லை, கண்ணை நம்பித்தான் வாழ்ந்தான். எதிரி தன் மதினியின் குரலைத் திருடிக்கொண்டாள் என்று நினைத்தான். அதில் அவனுக்கு இன்னும் கோபம் கூடியது.

"எங்க மதினி எங்கே? அவளை என்ன செஞ்சே?"

"தளவாய்!"

வீரர்களுக்குக் கத்தி கிடையாது. அவர்கள் தொட்டால் போதும், தொடப்பட்டவர் உள்ளுக்குள்ளேயே சுருங்கிச் செத்துப்போவார். அவன் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான்.

ஆவுடையும் கோமதியும் வந்து சேர்ந்தபோது செண்பகத்தின் கை அவளோடு கை கோத்து நின்ற சுவர்க்காரியின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கோமதி வாசலில் நின்று, "போதும்" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. தளவாய் நீட்டின கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த தெருவில் இன்னொருத்தன் உட்கார்ந்தான். அமர்த்துகிறவர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்கள். கொளுத்தினவர்கள் தணிந்தார்கள், தண்ணீர் மெல்ல வடிந்தது. முழுக்க அடங்க வெகுநாள் ஆனது.

செண்பகம் இன்னும் உதிர்கிற வயசு வராதவள். உச்சிவரை ஏறாமல், நடு வழியிலேயே உலர்ந்து, பொருக்காக மேலே வந்தாள். உதிர்வதற்கு முன்னால் கறை படிந்த மேல்பூச்சு அவள் முகத்திலிருந்து தனியாக உரிந்து விழுந்தது. தளவாய் பார்த்தான்.

"அக்கா," என்றான், "இது மதினில்லா?"

ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுவர் அலறிச்சுன்னு சொன்னியே. நீதானே சொன்னே. அலறிச்சா, இல்லையா? சொல்லுக்கா!"

அவள் தன் கைகள் எல்லாவற்றாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கத்தினான், கெஞ்சினான், மண்ணில் புரண்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரே வார்த்தைதான் வரும், அந்த வார்த்தையோடு அவன் எப்படி மிச்ச நாளை ஓட்டுவான்?

கை ஆறி, பொருக்கு உதிர்ந்து, பேராச்சி சேரா மரத்திடம் சண்டைக்குப் போனாள். நடுக்காட்டில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? ஒன் நிழல்ல ஒதுங்கினதுக்கா என் கையைச் சுட்டே?"

மரத்துக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "நான் எங்கே சுட்டேன் தாயி? ஒட்டினேன். ஒட்டுறதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. எரிச்சதும் வீங்கினதும் கொப்புளிச்சதும் ஒன் ஆளுங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆக்கிராதே. நம்பலைன்னா அவங்களையே கேளு, உள்ளேதானே இருக்காங்க."

பேராச்சி கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இன்னும் சிவப்பு மாறாத இடத்தில் விரலை வைத்து, "ஏட்டி ஆவுடை, இது சொல்லுறது நெசமா? நீங்களா செஞ்சீங்க? எதுக்குச் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

உள்ளே ஊரே ஆவுடையைப் பார்த்தது. தளவாயும் பார்த்தான். பேராச்சி கோபத்தில் கேட்கவில்லை, நயமாகத்தான் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பொய் சொன்னேன், தப்பாப் போச்சு" என்று சொன்னால் அவள் ஏசிவிட்டு மன்னித்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். ஆவுடைக்கு நாக்கு எழவில்லை. அவள் பேசாதபோது சுவர்க்காரர்களும் பேசவில்லை, நல்லபெருமாளும் பேசவில்லை. பேராச்சி வெயில் சாயும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். சொல்ல முடியாத சொல் உள்ளேயே முட்டி மோதியது. அந்த இடத்தில் அவளுக்கு நமைச்சல் எடுத்தது.

அன்று முதல்தான், சேரா முதல் முறை தொட்டால் ஒன்றும் செய்வதில்லை, மறுமுறை தொட்டால் ஒரு நாள் கழித்து ஊரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஆயுசு முழுக்க மறப்பதும் இல்லை. அன்று முதல்தான் தோலுக்குப் பேச்சும் போனது. என்ன நடந்தாலும் அது இப்போது வாய் திறந்து சொல்வதில்லை, அரிக்கிறது. நாமும் என்ன என்று கேட்பதில்லை, சொறிகிறோம்.